பென்ட்ரைவிடம் நேரே கேட்பது: பைத்தனில் இருந்து ஸ்கஸி கட்டளைகள்

வன்னியில் ஒரு கணனிக் கடை மேசைக்கு வரும் பென்ட்ரைவ்களுடன் அதிகம் வரும் முறைப்பாடு இதுதான்: "செருகினால் ஃபோர்மட் பண்ணச் சொல்லுது." இதைச் சொல்வது பென்ட்ரைவ் அல்ல, விண்டோஸ். கோப்பு முறைமையைத் தன்னால் படிக்க முடியவில்லை என்பதற்கு மேல் அந்தச் செய்தியில் ஒன்றும் இல்லை. உள்ளே மெமரி சிப் செத்திருக்கலாம். முதல் செக்டர் (தரவு வைக்கும் சிறு துண்டு) மட்டும் குழம்பியிருக்கலாம். 64 ஜிபி என்று விற்கப்பட்ட 8 ஜிபி சாமானாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு, திரையில் வருவதோ ஒரே பெட்டி.

எது உண்மை என்று அறிய, இயங்குதளத்தின் விளக்கத்தை விலக்கிவைத்துவிட்டு, சாதனத்திடமே அதன் மொழியில் கேட்க வேண்டும். அந்த மொழி ஸ்கஸி. அனேகமாக எல்லா யூஎஸ்பி பென்ட்ரைவ்களும், கார்ட் ரீடர்களும், வெளி ஹார்ட் டிஸ்க் பெட்டிகளும் அதைத்தான் பேசுகின்றன. பைத்தனில் நூறு வரிக்குள் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினால், ஒட்டுசுட்டானில் இருந்தோ மல்லாவியில் இருந்தோ பஸ்ஸில் வந்தவர் அடுத்த பஸ்ஸுக்குப் போகமுன் அவருக்கு ஒரு நேர்மையான பதில் சொல்லலாம்.

இடப்பெயர்வுகளில் அல்பங்களை இழந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஸ்கேன் பண்ணி அனுப்பிய பழைய படங்கள், கலியாண வீடியோ, இறந்துபோன ஒருவரின் கடைசிப் படம் என்பன ஒரே ஒரு பென்ட்ரைவில் கிடக்கும். வேறு பிரதி இராது. ஆகவே இந்தக் குறிப்பு முழுக்க ஓடும் ஒழுங்கு ஒன்றே: முதலில் வாசிக்கும் கட்டளைகள் மட்டும். எழுதும் கட்டளையை, "உள்ளே இருக்கிறது ஒன்றும் வேண்டாம்" என்று சொந்தக்காரர் வாயால் சொன்ன பிறகுதான் தொட வேண்டும்.

எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை

ஸ்கஸி ஆவணங்களில் கட்டளை எண்கள் பதினாறடிமானத்தில் இருக்கும். இங்கே எல்லாம் பத்தடிமானத்தில் தருகிறோம். பைத்தனில் அப்படியே போடலாம். இரண்டையும் கலந்தால் ஆபத்து. பத்தடிமான 42 என்பது எழுதும் கட்டளை. பதினாறடிமான 42 என்பது அன்மேப், அதாவது "இந்த செக்டர்களில் இருப்பது தேவையில்லை, அழித்துக்கொள்" என்ற கட்டளை. வாசிக்கும் கட்டளை பத்தடிமானத்தில் 40. ஆவணத்தில் அது 28 என்று கிடக்கும். ஒரு ஸ்கிரிப்டில் ஒரே முறையைப் பாவியுங்கள். கோப்பு, மொடியூல் பெயர்களை இங்கே உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறோம். தட்டச்சுச் செய்யும்போது ஆங்கில எழுத்தில் போடுங்கள்.

இதைவிடப் பெரிய காப்பு, ஸ்கிரிப்டின் வாசலிலேயே ஒரு அனுமதிப் பட்டியல். கட்டளை அனுப்பும் செயற்கூறு, முதல் பைட் 0, 3, 18, 26, 37, 40, 158 ஆகியவற்றில் ஒன்றாக இல்லாவிட்டால் அனுப்ப மறுக்கட்டும். 4 ஃபோர்மட், 59 ஃபேம்வெயார் எழுதப் பயன்படுவது, 192க்கு மேற்பட்டவை அந்தந்தத் தயாரிப்பாளரின் சொந்தக் கட்டளைகள். "என்ன பதில் வருகுது பாப்பம்" என்று 192க்கு மேலே ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்ப்பது ஒருநாளும் வேண்டாம். சில கன்ட்ரோலர்களில் (பென்ட்ரைவுக்குள் மெமரியை நடத்தும் சிப்) அதில் ஒன்று மெமரியின் முகவரி அட்டவணையையே புதிதாக்கிவிடும். பிறகு எந்த மீட்பு மென்பொருளுக்கும் வேலையில்லை.

மேசையில் வேண்டியவை

லினக்ஸ் ஓடும் ஒரு லப்டொப் அல்லது ராஸ்பெரி பை போதும். கீழே சொல்லும் முதல் வழிக்குப் பைத்தனோடு கூடவே வரும் சி-டைப்ஸ், எஃப்-சிஎன்டிஎல் என்ற இரண்டு மொடியூல்கள் மட்டுமே தேவை. இணையத்தில் இருந்து எதையும் இறக்கத் தேவையில்லை. சிக்னல் ஒரு கோட்டோடு நிற்கும் இடங்களில் இது சின்ன விசயமல்ல.

தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்று வைத்திருங்கள். யூஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர், யூஎஸ்பி 3 தருவது 900. ஒரு 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் கணத்தில் 1 ஆம்பியர் அளவுக்குக்கூட இழுக்கும். மின்சாரம் போதாமல் "டிக் டிக்" என்று தட்டும் டிஸ்க்கைச் செத்ததென்று எழுதிவிடும் தவறு இதனால்தான் நடக்கிறது. ஷோர்ட் ஆன பென்ட்ரைவ் லப்டொப்பின் போர்ட்டைக் கொல்லாமல் இடையில் நின்று வாங்கிக்கொள்வதும் இந்த ஹப்தான்.

எதையும் செருகமுன் முனையைப் பாருங்கள். ஏ9 ஓரத்துச் செம்மண் தூசியும், முல்லைத்தீவுக் கரையோரத்து உப்புக்காற்றும் தொடுமுனைகளில் படிந்திருக்கும். ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்த பஞ்சால் துடைத்துக் காயவிட்டுச் செருகுங்கள். மார்கழி மழைக்காலத்தில் இது கட்டாயம்.

லினக்ஸ் தானாக மவுண்ட் பண்ணுவதை நிறுத்திவிடுங்கள். மவுண்ட் ஆனாலே சில கோப்பு முறைமைகளில் எழுதுதல் நடக்கும். பழுதான டிஸ்க்குக்கு அந்தச் சின்ன எழுதுதலே கூடாது.

சரியான கதவைத் தட்டுதல்

லினக்ஸில் ஒவ்வொரு ஸ்கஸி சாதனத்துக்கும் டெவ் அடைவில் எஸ்ஜி0, எஸ்ஜி1 என்று ஒரு கோப்பு இருக்கும். இல்லாவிட்டால் எஸ்ஜி மொடியூலை ஏற்றுங்கள். கவனம்: லப்டொப்பின் சாட்டா டிஸ்க்கும் அதே வரிசையில், பெரும்பாலும் எஸ்ஜி0 ஆக, நிற்கும். எண்ணை நம்பித் திறக்காதீர்கள். சிஸ் அடைவில் கிளாஸ், ஸ்கஸி-ஜெனரிக், எஸ்ஜி எண், டிவைஸ் என்று போகும் இணைப்பின் உண்மைப் பாதையைப் பைத்தனின் ரியல்பாத் செயற்கூறால் எடுங்கள். அந்தப் பாதையில் யூஎஸ்பி என்ற சொல் இல்லையென்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கட்டும். இந்த இரண்டு வரியைச் சோம்பலில் விட்டவர், என்றோ ஒருநாள் தன் சொந்த டிஸ்க்கில் எழுதுவார்.

கோப்பை வாசிக்கவும் எழுதவும் என்ற முறையில், காத்திராத கொடியோடு, சூடோ உரிமையுடன் திறக்கவேண்டும். கட்டளை போவது ஐஓசிடிஎல் அழைப்பால். அதன் எண் 8837. கூடவே ஒரு தலைப்புக் கட்டமைப்பைக் கொடுக்க வேண்டும். சி-டைப்ஸில் அதை இந்த வரிசையில் வரையறுங்கள்:

இடைமுக அடையாளம், முழு எண், எப்போதும் 83
தரவுத் திசை, முழு எண்: தரவு இல்லை என்றால் -1, சாதனத்துக்கு -2, சாதனத்தில் இருந்து -3
கட்டளை நீளம், 1 பைட்
சென்ஸ் (பிழைக்கான காரணம் வரும் பதில்) இடத்தின் நீளம், 1 பைட், 32 போதும்
துண்டு எண்ணிக்கை, 2 பைட், 0
தரவு நீளம், குறியற்ற 4 பைட்
தரவு, கட்டளை, சென்ஸ் ஆகியவற்றின் சுட்டிகள், இந்த ஒழுங்கில் மூன்று
காலக்கெடு, மில்லிசெக்கனில், 4 பைட்
கொடிகள் 4 பைட், பொதி எண் 4 பைட், பயனர் சுட்டி ஒன்று
பின் பதில்கள்: நிலை, மறைத்த நிலை, செய்தி நிலை, எழுதிய சென்ஸ் நீளம், ஒவ்வொன்றும் 1 பைட்
ஹோஸ்ட் நிலை 2 பைட், டிரைவர் நிலை 2 பைட்
மிச்சம், எடுத்த நேரம், தகவல், ஒவ்வொன்றும் 4 பைட்

வரையறுத்ததும் முதல் வேலையாக அளவைக் கேளுங்கள். 64 பிட் லினக்ஸில் 88 பைட் வர வேண்டும், 32 பிட்டில் 64. வேறு எண் வந்தால் ஒரு புலத்தின் வகை பிழை. சுட்டியை 4 பைட் எண்ணாகப் போட்டிருப்பதே அதிகம் நடக்கும் பிழை. கட்டமைப்பைக் கையால் பொதி செய்பவர்கள் பயனர் சுட்டிக்கு முன்னால் வரும் 4 பைட் வெற்றிடத்தை மறந்துவிடுவார்கள். சி-டைப்ஸ் அதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு பொறி பைத்தனுக்கே உரியது. தரவுக்கும் சென்ஸுக்கும் ஒதுக்கிய இடங்களை மாறிகளில் பிடித்து வைத்திருக்க வேண்டும். முகவரியை மட்டும் தலைப்பில் போட்டுவிட்டு இடத்தைக் கைவிட்டால், பைத்தன் அதைத் துப்புரவாக்கிவிடும். பிறகு கேர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) எழுதுவது வேறு எதன் மேலோ. சில நேரம் சரியாக ஓடி, சில நேரம் விழுந்து, காரணம் கண்டுபிடிக்க ஒரு நாள் போய்விடும்.

ஐந்து கேள்விகள்

முதலாவது, "தயாரா?" ஆறு பைட், எல்லாம் 0. திசை -1. நிலை 0 வந்தால் தயார். 2 வந்தால் சென்ஸைப் பார்க்க வேண்டும். செருகியவுடன் ஒருமுறை பிழை வருவது இயல்பு; ஒரு செக்கன் விட்டுத் திரும்பக் கேளுங்கள்.

இரண்டாவது, "நீ யார்?" இதன் பெயர் இன்குவைரி. 18 0 0 0 36 0. திசை -3, நீளம் 36. பதிலில் 0 ஆம் பைட்டின் கீழ் 5 பிட்டும் சாதன வகை: 0 என்றால் டிஸ்க், 5 என்றால் சீடி அல்லது டிவிடி. 8 முதல் 15 வரை தயாரிப்பாளர், 16 முதல் 31 வரை பொருள் பெயர், 32 முதல் 35 வரை பதிப்பு. இந்தப் பெயர் கன்ட்ரோலருக்குள் யாரோ எழுதிவிட்ட எழுத்துகள் மட்டுமே. அதற்காக உத்தரவாதம் கொடுத்துவிடாதீர்கள். பெட்டியில் ஒரு பெயரும் இங்கே பொதுப்பெயர் ஒன்றும் இருந்தால், ஒன்றில் சாமான் போலி, அல்லது கன்ட்ரோலர் தன் மெமரியை எட்ட முடியாமல் தொடக்க நிலைக்குப் போய்விட்டது.

மூன்றாவது, "எவ்வளவு பெரியவன்?" 37, அதன்பின் ஒன்பது 0. பதில் 8 பைட்: முதல் நான்கு கடைசி செக்டரின் எண், அடுத்த நான்கு செக்டரின் அளவு. எண்ணிக்கைக்கு ஒன்று கூட்ட வேண்டும். கடைசி எண் 30283007, அளவு 512 என்றால் 30283008 செக்டர், அதாவது 15,504,900,096 பைட். 16 ஜிபி பென்ட்ரைவுக்குப் பொருத்தம். கடைசி எண் 4294967295 என்று வந்தால் அந்த 4 பைட்டில் அடங்கவில்லை என்று அர்த்தம். அப்போது 16 பைட் வடிவத்துக்குப் போங்கள்: 0 ஆம் பைட் 158, 1 ஆம் பைட் 16, 13 ஆம் பைட் 32, மற்றவை 0. பதில் 32 பைட். முதல் 8 பைட் கடைசி எண், அடுத்த 4 அளவு.

செக்டர் என்றால் 512 பைட் என்று ஸ்கிரிப்டில் ஆணி அடித்துவிட வேண்டாம். சில பெரிய வெளி டிஸ்க்குகள் 4096 என்று சொல்லும். கேட்ட செக்டர் எண்ணிக்கையும் தரவு நீளமும் ஒத்துப்போகாவிட்டால் சாதனம் குழம்பி, இணைப்பையே மீளத் தொடங்க வேண்டி வரும்.

நான்காவது, "எழுத விடுவாயா?" 26 0 63 0 192 0, நீளம் 192. பதிலின் 2 ஆம் பைட்டில் மேல் பிட், அதாவது 128, நின்றால் எழுத்துத் தடை. கார்ட் என்றால் பக்கத்துச் சுவிட்சைப் பாருங்கள். சுவிட்ச் இல்லாத பென்ட்ரைவில் இது நின்றால், கன்ட்ரோலரே கதவைப் பூட்டியிருக்கிறது. மாற்றிப் போட நல்ல பகுதிகள் தீர்ந்ததும் பல கன்ட்ரோலர்கள் இப்படிச் செய்யும். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் எதை மாற்றினாலும் திறக்காது. ஆனால் இது நல்ல செய்தி: வாசிக்க விடுகிறது, எல்லாவற்றையும் இப்போதே கொப்பி எடுங்கள்.

ஐந்தாவது, வாசித்தல். 40, 0, செக்டர் எண் 4 பைட்டில், 0, எத்தனை செக்டர் என்பது 2 பைட்டில், 0. 2048 ஆம் செக்டரில் இருந்து 128 செக்டர் வேண்டுமென்றால் 40 0 0 0 8 0 0 0 128 0. பெரிய இடமதிப்பு முன்னால் வரும். 512 பைட் செக்டரில் தரவு நீளம் 65536. ஒரு முறைக்கு இதற்கு மேல் கேட்க வேண்டாம். யூஎஸ்பி 2இல் லினக்ஸ் டிரைவரின் வழக்கமான எல்லை 240 செக்டர்.

முதலில் 0 ஆம் செக்டரை மட்டும் வாசியுங்கள். கடைசி இரண்டு பைட்டும் 85, 170 என்றால் தொடக்க செக்டர் உருவோடு இருக்கிறது. பிரிவு அட்டவணை 446 ஆம் பைட்டில் தொடங்கும். முதல் பிரிவின் தொடக்க செக்டர் 454 முதல் 457 வரை, இங்கே சிறிய இடமதிப்பு முன்னால். அந்த இடத்தையும் வாசித்துப் பாருங்கள். 0 ஆம் செக்டர் மட்டும் வெறுமை, மற்றவை நிறையத் தரவு என்றால், வந்தவரிடம் தைரியமாகச் சொல்லலாம்: படங்கள் இருக்கின்றன, வழி மட்டும்தான் அழிந்திருக்கிறது. எங்கே வாசித்தாலும் 0 அல்லது 255 மட்டும் என்றால் நம்பிக்கை கொடுக்காதீர்கள்.

சென்ஸ்: "ஏன் முடியாது" என்பதற்கான பதில்

நிலை 2 வந்ததும் பலர் "பிழை" என்று அச்சிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மேசையில் இருக்கும் பொருளின் நோய் எழுதியிருப்பது அதற்குப் பின்னால் வரும் சென்ஸில்தான். அதன் 0 ஆம் பைட்டின் கீழ் 7 பிட் 112 அல்லது 113 என்றால், முக்கிய எண் 2 ஆம் பைட்டின் கீழ் 4 பிட்டில், துணை எண் 12 ஆம் பைட்டில், அதன் கிளை 13இல். 114 அல்லது 115 என்றால் அவை முறையே 1, 2, 3 ஆம் பைட்டுகளில். இரண்டு வடிவத்தையும் ஸ்கிரிப்ட் அறிந்திருக்க வேண்டும்.

முக்கிய எண் 2, துணை 58: "உள்ளே ஊடகம் இல்லை." கார்ட் ரீடர் என்றால் கார்ட் போடவில்லை. பென்ட்ரைவ் இதைச் சொன்னால், கன்ட்ரோலர் உயிரோடு இருக்கிறது, மெமரி சிப்பை எட்ட முடியவில்லை. மீட்பு மென்பொருள் விற்று இதைத் தீர்க்க முடியாது. காசு வாங்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டிய இடம் இது. சாலிடர் வெடிப்பைச் சூடாக்கிப் பார்க்கலாம், அதற்கு மேல் சிப்பைக் கழற்றி வாசிக்கும் கூடத்தின் வேலை.

2, துணை 4: கிளை 1 என்றால் தயாராகிக்கொண்டிருக்கிறது, பொறுங்கள். கிளை 2 என்றால் தொடங்கு கட்டளைக்குக் காத்திருக்கிறது: 27 0 0 0 1 0. இதற்காக 27ஐ அனுமதிப் பட்டியலில் சேர்க்கலாம்.

3, துணை 17: அந்த செக்டரை வாசிக்க முடியவில்லை. ஊடகமே பழுது. இதைக் கண்ட இடத்தில் சோதனையை நிறுத்திவிட்டு, டிடிரெஸ்க்யூவால் முழுப் பிரதி எடுக்கத் தொடங்குங்கள். நீங்கள் எழுதிய ஸ்கிரிப்ட் நோயைக் கண்டறிய மட்டும். மீட்புக்கு, விட்ட இடத்தைப் பதிந்துவைத்துத் திரும்ப வரும் அந்தக் கருவியே மேல். கரண்ட் போய் வந்தாலும் அதன் பதிவுக் கோப்பு இருக்கும்.

5 என்றால் பிழை பெரும்பாலும் உங்களுடையது. துணை 32 அந்தக் கட்டளை எனக்குத் தெரியாது, 33 செக்டர் எண் எல்லைக்கு வெளியே, 36 கட்டளைக்குள் ஒரு புலம் பிழை. 6 என்றால் சாதனம் மீளத் தொடங்கியது அல்லது ஊடகம் மாறியது. ஒருமுறை வந்தால் சரி, வாசிக்கும்போது திரும்பத் திரும்ப வந்தால் மின்சாரம் அறுந்து அறுந்து வருகிறது. கேபிளை மாற்றுங்கள். 7, துணை 39 எழுத்துத் தடை.

சென்ஸே வராமல் ஹோஸ்ட் நிலை மட்டும் வந்தால் சிக்கல் சாதனத்துக்கும் கணனிக்கும் இடையில்: 1 இணைப்பு இல்லை, 3 நேரம் கடந்தது, 7 பொதுப்பிழை. கேர்னல் பதிவில் -71 அல்லது -110 தெரிந்தால் முதலில் கேபிள், ஹப், முனை, அதன்பிறகுதான் சாதனம். மேசைக் கணனியில் முன்பக்கப் போர்ட்டை நம்பாமல் பின்பக்கத்தில் போட்டுப் பாருங்கள். காலக்கெடுவை 30000 மில்லிசெக்கனுக்குக் கீழே குறைக்க வேண்டாம். தளர்ந்த டிஸ்க் ஒரு செக்டருக்குப் பல செக்கன் போராடும். அவசரப்பட்டால் கேர்னல் அதை மீளத் தொடங்கவைக்கும், அது இன்னும் கெடுதல்.

போலிக் கொள்ளளவு

இது எழுதும் சோதனை. உள்ளே இருப்பது அனைத்தும் போகும். புதிதாக வாங்கிய பென்ட்ரைவுக்கோ, சொந்தக்காரர் விட்டுக்கொடுத்ததற்கோ மட்டும். 42 ஆம் கட்டளையை அனுமதிக்க ஒரு தனிச் சுவிட்ச் வையுங்கள். ஓடும்போது சாதனப் பெயரைக் காட்டி, அதை அப்படியே தட்டச்சுச் செய்யச் சொல்லட்டும். எழுதும் கட்டளையின் வடிவம் வாசித்தலைப் போன்றதே, முதல் பைட் மட்டும் 42, திசை -2.

போலிச் சாமானின் கன்ட்ரோலர் 37 ஆம் கட்டளைக்குப் பொய் சொல்கிறது. எல்லையைத் தாண்டி எழுதினால், ஒன்றில் தரவைக் குப்பையில் போடும், அல்லது சுற்றி வந்து தொடக்கத்தின் மேலேயே எழுதும். இரண்டிலும் நிலை 0 என்றுதான் பதில் வரும். ஆகவே ஒவ்வொரு செக்டரிலும் அதன் சொந்த எண்ணையும், இந்த ஓட்டத்துக்கான ஒரு எதேச்சை எண்ணையும் முத்திரையாக எழுத வேண்டும். எதேச்சை எண் இல்லாவிட்டால் போன கிழமைச் சோதனையின் முத்திரையைப் பார்த்து ஏமாறுவீர்கள்.

2097152 செக்டருக்கு ஒன்று, அதாவது 1 ஜிபிக்கு ஒரு முத்திரை, என்று போட்டுப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. எல்லாவற்றையும் எழுதி முடித்து, சாதனத்தைக் கழற்றிச் செருகி, பிறகே வாசியுங்கள். கழற்றாமல் வாசித்தால் கன்ட்ரோலரின் தற்காலிக நினைவில் இருந்து சரியான பதில் வந்துவிடலாம். இதில் தோற்றால் போலி உறுதி. தேறினால் உறுதியில்லை: உண்மை அளவு 7.5 ஜிபி என்றால், 8 ஜிபி இடத்துக்கு எழுதியது அரை ஜிபி இடத்தில் போய் இருந்துகொண்டு, கேட்டதும் சரியாகத் திரும்பி வரும். முழுக்க நிரப்பிப் பார்ப்பதே கடைசித் தீர்ப்பு. செக்கனுக்கு 10 எம்பி எழுதும் 64 ஜிபி பென்ட்ரைவுக்கு எழுத மட்டும் ஒன்றேமுக்கால் மணித்தியாலம் ஆகும். ஒவ்வொரு 1 ஜிபி முடிந்ததும் நின்ற இடத்தை ஒரு கோப்பில் குறித்துக்கொண்டால் கரண்ட் நின்றாலும் முதலில் இருந்து தொடங்க வேண்டியதில்லை. அந்தந்த நிறுத்தத்தில் 0 ஆம் செக்டரின் முத்திரையையும் இப்போது எழுதிய பகுதியையும் திரும்ப வாசியுங்கள். எது முதலில் மாறுகிறதோ அந்த இடத்தருகில்தான் உண்மையான எல்லை.

எஸ்ஜி வழியாக எழுதியதை லினக்ஸின் கோப்புத் தற்காலிகம் அறியாது. எழுதிவிட்டுச் சாதாரண கட்டளையால் பார்த்தால் பழையதே தெரியும். கழற்றிச் செருகினால் தீரும்.

வெளி ஹார்ட் டிஸ்க்கின் நாடி

பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் சாட்டா டிஸ்க். அதனோடு கதைக்க, ஸ்கஸி உறைக்குள் அதன் சொந்த மொழியான ஏடிஏ கட்டளையைப் போட்டு அனுப்பலாம். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் தரவுக்கு 16 பைட்: 133 8 14 0 208 0 1 0 0 0 79 0 194 0 176 0. திசை -3, நீளம் 512. டிஸ்க்கின் உண்மைப் பெயருக்கு: 133 8 14 0 0 0 1 0 0 0 0 0 0 0 236 0, பெயரும் தொடர் எண்ணும் இரண்டிரண்டு எழுத்தாக இடம் மாறி வரும், திருப்பிப் போட வேண்டும். 133ஐ அனுமதிப் பட்டியலில் சேர்க்கும்போது 14 ஆம் பைட் 176 அல்லது 236 என்றால் மட்டும் விடுங்கள். 176க்கு 4 ஆம் பைட் 208 ஆகவும் இருக்க வேண்டும். இதே உறையால் எழுதவும் அழிக்கவும் முடியும்.

512 பைட்டையும் கூட்டினால் 256ஆல் மிச்சமின்றி வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் அந்தப் பதிலை எறியுங்கள். 2 ஆம் பைட்டில் இருந்து 12 பைட் வீதம் 30 பதிவுகள். பதிவின் 0 ஆம் பைட் அடையாளம். 5 ஆம் இடத்தில் இருந்து 6 பைட் உண்மை எண்ணிக்கை, சிறிய இடமதிப்பு முன்னால். 5 மாற்றிப் போட்ட செக்டர், 197 தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர், 198 திருத்த முடியாதவை, 199 கேபிள் பிழைகள். 197 பூச்சியம் அல்லாமல் இருந்தால், ஸ்டூடியோக்காரர் என்ன சொன்னாலும் அந்த டிஸ்க்கில் இனிக் கலியாணப் படம் வைக்கக் கூடாது. 199 மட்டும் உயர்ந்திருந்தால் டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம். பெட்டியை மாற்றிப் பாருங்கள்.

12 பைட் வடிவம் ஒன்றும் உண்டு, அதன் எண் 161. அதைத் தவிருங்கள். டிவிடி எழுதிகளுக்கு 161 என்பது தட்டை அழிக்கும் கட்டளை. இன்குவைரியில் வகை 5 என்று வந்த சாதனத்துக்கு ஏடிஏ உறை எதையும் அனுப்பாதபடி ஸ்கிரிப்டில் தடுத்துவிடுங்கள். பழைய பெட்டிகள் சில 133க்கு 5, 32 என்று மறுக்கும். அவற்றில் டிஸ்க்கைக் கழற்றி நேரே சாட்டாவில் போடுவதே வழி.

கேர்னலையும் தாண்டி

லினக்ஸே சாதனத்தை ஏற்காமல், திரும்பத் திரும்ப மீளத் தொடங்கவைத்துக்கொண்டிருந்தால், பையூஎஸ்பி நூலகத்தால் கேர்னல் டிரைவரைப் பிரித்துவிட்டு நீங்களே உறைகளை அனுப்பலாம். இடைமுகம் வகுப்பு 8, துணை வகுப்பு 6, நெறிமுறை 80 என்று இருக்க வேண்டும். நெறிமுறை 98 மட்டும் கண்டால் அது வேறு முறை. மாற்று அமைப்பு 0 இல் 80 இருக்கிறதா பாருங்கள்.

கட்டளை உறை 31 பைட். இன்குவைரிக்கு: 85 83 66 67, அடையாள எண் 1 0 0 0, தரவு நீளம் 36 0 0 0, திசை 128, லன் 0, கட்டளை நீளம் 6, பின் 18 0 0 0 36 0, மிச்சத்துக்குப் பத்து 0. உறையின் எண்களில் சிறிய இடமதிப்பு முன்னால், உள்ளே இருக்கும் ஸ்கஸி கட்டளையில் பெரியது முன்னால். முதன்முதலில் எழுதுபவர்கள் வழுக்குவது இங்கேதான். வெளிச்செல்லும் முனையில் (என்ட்பொயின்ட்) உறை, உள்வரும் முனையில் தரவு, பிறகு 13 பைட் நிலை உறை: 85 83 66 83, அதே அடையாள எண், மிச்சம், கடைசி பைட்டில் முடிவு. 0 வெற்றி, 1 தோல்வி, 2 கட்டக் குழப்பம்.

1 வந்தால் அடுத்த கட்டளையே 3 0 0 0 18 0 ஆக இருக்க வேண்டும். இந்த வழியில் சென்ஸை யாரும் உங்களுக்காகக் கேட்டு வைக்கமாட்டார்கள். தரவு வாசிக்கும்போது முனை அடைத்துக்கொண்டால், அடைப்பை நீக்கிவிட்டு நிலை உறையை வாசியுங்கள். விட்டுவிட்டு அடுத்த கட்டளையை அனுப்பினால் அதன்பின் எல்லாப் பதிலும் ஒன்று பிந்தி வரும். 2 வந்தாலோ அடையாள எண் பொருந்தாவிட்டாலோ முழு மீட்பு: கோரிக்கை வகை 33, கோரிக்கை 255 என்ற கட்டுப்பாட்டு அழைப்பு, பிறகு உள்வரும் முனையின் அடைப்பு நீக்கம், பிறகு வெளிச்செல்லும் முனையினது. இந்த ஒழுங்கு மாறக் கூடாது.

விண்டோஸில்தான் வேலை செய்ய வேண்டும் என்றால் டிவைஸ்-ஐஓ-கன்ட்ரோல் அழைப்பும் 315412 என்ற எண்ணும் இதே வேலையைச் செய்யும். நிர்வாகி உரிமை வேண்டும், தலைப்பின் வடிவம் வேறு, கட்டளைப் பைட்டுகள் ஒன்றே.

கழற்றும் முன்

எழுதும் சோதனை நடந்திருந்தால் முதலில் 53, அதன்பின் ஒன்பது 0, திசை -1: தற்காலிகத்தில் நிற்பதை எழுதி முடிக்கும். ஹார்ட் டிஸ்க்குக்கு அதன்பின் 27 0 0 0 0 0. சுழற்சி அடங்கி, கையில் அதிர்வு நின்றபின், பத்து செக்கன் பொறுத்துக் கழற்றுங்கள். தலை ஒதுங்காத டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு குன்றும் குழியுமான உள்வீதியில் பஸ் ஏறுபவர், நீங்கள் நல்லதென்று சொல்லிக் கொடுத்த டிஸ்க்கைப் பழுதாக்கிக்கொண்டுதான் வீடு போவார்.